நட்ட கல்லும் நடக்கும் கூத்தும்: எல்லைப்புறத்தைப் படிக்க ஒரு தொடக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகிற சாலையில் ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. நடுவில் மாநில எல்லை. வழக்கமான நாளில் அதைக் கவனிக்கவே மாட்டோம். கடைப் பலகையில் எழுத்து மாறும், டீசல் விலை மாறும், அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு வெடித்தபோது அதே இடம் வேறாக இருந்தது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன. சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, எல்லையை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் போய் வேறு வண்டி பிடித்தார்கள். கொடி, கோஷம், போலீஸ் தடுப்பு, தொலைக்காட்சி கேமரா எல்லாம் வந்தன. சாலை மாறவில்லை. அன்றைக்கு அங்கே ஒரு காட்சி நடந்தது; அதனால் எல்லை கண்ணில் பட்டது.

இன்னொரு எல்லையைப் பாருங்கள். தருமபுரிப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பூசாரியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியதிலிருந்து ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. ஆனாலும் ஓசூர் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிற பையன் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வருகிறான். இந்த எல்லையை எந்த வரைபடத்திலும் பார்க்க முடியாது. கட்டுப்படுகிறவர்களுக்கு மட்டும் அது எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

எல்லை என்றால் கோடு. எல்லைப்புறம் என்றால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிற நிலமும் அதில் வாழ்கிற மக்களும். கோட்டுக்கு அகலம் கிடையாது; எல்லைப்புறத்துக்கு உண்டு. அந்த அகலத்துக்குள் கூத்து, கரகம், எருதாட்டம், ஊர்வலம், போராட்டம் எல்லாம் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் நமக்குக் கேள்வி. கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகம், ஆந்திரம் இரண்டையும் தொடுகிறது. தருமபுரிக்கு மேற்கே காவிரியே எல்லையாக ஓடுகிறது. இந்தக் கேள்வியைப் படிக்க இதைவிட வசதியான இடம் தேட வேண்டியதில்லை.

பண்பாட்டு நிகழ்வு என்றால் என்ன

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மில்டன் சிங்கர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவர் அதை யோசித்த இடம் சென்னை; காலம் 1950-களின் நடுப்பகுதி. பண்பாடு என்றால் என்ன என்று இங்குள்ளவர்களிடம் அவர் கேட்டபோது, நீண்ட விளக்கம் சொல்வதைவிட ஒரு கல்யாணத்தையோ பூசையையோ கச்சேரியையோ நாடகத்தையோ காட்டுவது இவர்களுக்கு இயல்பாக இருந்ததை அவர் கவனித்தார். அப்படிக் காட்டத்தக்க ஒவ்வொன்றையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டார். அதற்குச் சில உறுப்புகள் உண்டு: அளவுள்ள கால நீளம், ஒரு தொடக்கம் ஒரு முடிவு, ஒழுங்குபடுத்திய நிகழ்ச்சி நிரல், நிகழ்த்துவோர், பார்ப்போர், இடம், நிகழ்த்துவதற்கான காரணம்.

இந்த உறுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டால் கூத்தையும் சாலை மறியலையும் ஒரே கண்ணால் பார்க்க முடியும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மறியலுக்கும் நேரம் குறிக்கிறார்கள், இடம் தேர்கிறார்கள், பார்ப்பவர் யார் என்று யோசித்தே நிற்கிறார்கள்.

இதோடு இன்னொரு யோசனையும் வேண்டும். நார்வே நாட்டு மானிடவியலாளர் ஃப்ரெட்ரிக் பார்த் 1969-ல் முன்வைத்தது அது. இரண்டு கூட்டத்தாருக்கு நடுவில் ஆள் போக்குவரத்து இருந்துகொண்டே இருந்தாலும் எல்லை அழிவதில்லை. எதை வேறுபாடாகக் காட்டிக்கொள்வது என்று அவர்கள் தேர்ந்தெடுப்பதால் அது நிலைக்கிறது என்றார். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வருகிறார்கள். எல்லை கரைந்துவிட்டதா? இல்லை. அப்படியானால் அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தேட வேண்டும்.

கோடு எத்தனை முறை நகர்ந்தது

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் வட்டாரம் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-ல் திப்பு விழுந்த பிறகு சேர்ந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது குப்பம் உள்ளிட்ட சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1956 நவம்பர் 1 மொழிவாரிப் பிரிவினையில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. ஓசூர் இங்கே நின்றது. 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

கோடு இத்தனை முறை நகர்ந்தும், சாமி பார்க்கப் போகிற வழி நகரவில்லை. கொள்ளேகால் மைசூருக்குப் போனபோது மாதேஸ்வரன் மலையும் அதோடு போனது. தருமபுரி, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் இன்றைக்கும் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரனைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே மாதேஸ்வரன் கதையைக் கம்சாளே என்ற தாளத்தைத் தட்டிக்கொண்டு கன்னடத்தில் பாடுகிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவரும் உட்கார்ந்து கேட்கிறார். மொழி புரியாமல் அங்கே என்ன கேட்கிறார் என்பது நல்ல கேள்வி. கதை அவருக்குத் தெரியும். தெரிந்த கதையின் பெயர்கள் வரும் இடங்களில் கை கூப்புகிறார்.

கூத்துக் களத்தில் ஒரு சோதனைச் சாவடி

தெருக்கூத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் பெயர். தமிழில் தெருக்கூத்து. தெலுங்கில் வீதி நாடகம். கன்னடத்தில் பயலாட்ட, பயலு என்றால் வெட்டவெளி. மூன்று மொழியும் இந்தக் கலைக்கு அது நடக்கிற இடத்தை வைத்தே பெயர் கொடுத்திருக்கின்றன. கர்நாடகத்தின் தென்கிழக்குச் சமவெளியில் ஆடுகிற வகைக்கு மூடலபாய என்று பெயர். மூடல என்றால் கிழக்கு. அதாவது நம் பக்கம்.

இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகிற கூத்துக்கு ஒரு மேடைகூட வேண்டாம். களத்தின் பின்பக்கம் பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை, ஜால்ரா. மூன்று பக்கமும் சனம். வேடக்காரரின் கிரீடம், புஜக்கிரீடம், மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது மரபு. மரம் லேசு என்பதே காரணம். எட்டு மணி நேரம் தலையிலும் தோளிலும் சுமந்து கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டியவருக்குக் கனமான மரம் ஆகாது. அதன்மேல் கண்ணாடித் துண்டும் சரிகைத் தாளும் ஒட்டுவார்கள்.

இப்போது வேடம் களத்துக்குள் வருகிற விதத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு துணித்திரையைக் குறுக்கே பிடிக்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் உள்ளவர் தெரியவில்லை. அவர் உள்ளிருந்தே பாடுகிறார். வெளியே வேடங்களை அறிமுகம் செய்கிற கட்டியங்காரன் நிற்கிறான். அவன் கேட்கிறான்: நீங்கள் யார், எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், இந்தச் சபைக்கு வந்த காரியம் என்ன? வேடக்காரர் பெயரையும் குலத்தையும் நாட்டையும் சொல்லி முடித்த பிறகே திரை முழுதாக விலகும்.

பெயர், ஊர், வந்த காரியம். எல்லைச் சாவடியில் லாரியை நிறுத்திக் கேட்பதும் இந்த மூன்றுதான். கூத்துக்குள் ஒரு சாவடி இருக்கிறது. அதன் அதிகாரி கோமாளி என்பதுதான் விசேஷம். துரியோதன மகாராஜாவே ஆனாலும் இந்தக் கோமாளிக்குப் பதில் சொல்லாமல் உள்ளே வர முடியாது. அவன் ஒரு கால் கதையில், ஒரு கால் ஊரில் வைத்து நிற்கிறவன். அஸ்தினாபுரத்து ராஜாவுக்குக் கட்டியம் கூறிய அதே வாயால், கூத்துக்கு ஐந்நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரையும் வாசிப்பான். முன்வரிசையில் தூங்குகிறவரை எழுப்புவான். கலை எல்லையைக் கையாளும் விதத்தைப் படிக்கிறவர் கூத்தில் ஒரே ஓர் ஆளைப் பார்க்கலாம் என்றால், பார்க்க வேண்டியது இவனைத்தான்.

மொழி எல்லையும் இவன் வாயில்தான் ஓடுகிறது. ராஜா வேடத்தின் பாட்டும் விருத்தமும் மாறாது. கட்டியங்காரன் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இரண்டு தெலுங்குச் சொல்லைப் போடுவான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் எட்டிப் பார்க்கும். அப்போது களத்தைப் பார்க்காதீர்கள், சனத்தைப் பாருங்கள். மொழி தெரிந்தவர் உடனே சிரிப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர் ஒரு மூச்சு தாமதித்துச் சிரிப்பார். மூன்றாமவர் பக்கத்தில் இருப்பவர் சிரித்ததால் சிரிப்பார். இந்த மூன்று சிரிப்பும் அந்த ஊரின் மொழி நிலவரத்தைக் கணக்கெடுப்புத் தாளைவிட நுட்பமாகச் சொல்லும். யாராவது சிரிக்காமல் முகத்தைத் திருப்பினால் அதையும் குறிக்க வேண்டும். நகைச்சுவை யாரோ ஒருவரின் பேச்சு வழக்கைக் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். கலந்த மொழி என்றதும் நல்லிணக்கம் என்று எழுதிவிடுவது புதிதாகப் படிக்க வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. கேலியும் கலந்த மொழியில்தான் நடக்கிறது.

பாரதக் கூத்து: மாடு, ஒளிவு, கல்

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் அந்தக் கதையைக் கூத்தாக ஆடுவார்கள். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊர் வசதிக்கு ஏற்ப நீளும். இந்தக் கதையே ஓர் எல்லைக் கதை. பன்னிரண்டு ஆண்டு நாட்டுக்கு வெளியே, பிறகு ஓராண்டு அடையாளம் தெரியாமல் அடுத்தவன் நாட்டில். அந்த ஒளிவு வாழ்க்கை எப்படி முடிகிறது? கௌரவர்கள் விராடனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வருகிறார்கள்; அர்ச்சுனன் வெளிப்பட்டு மீட்கிறான். இந்த இரவுக்குக் கூத்தில் மாடுபிடி சண்டை என்று பெயர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த இரவு வெறும் புராணமாகக் கேட்காது. இந்த மண்ணில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. வில்லோ வாளோ ஏந்திய வீரன், உடம்பில் தைத்த அம்பு, சிலவற்றில் காலடியில் மாடு. பழையவற்றில் வட்டெழுத்து என்கிற பழந்தமிழ் எழுத்து. தொறு மீட்டுப் பட்டான் என்பதுதான் பல கற்களின் செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். மந்தை மேயும் இடம் எதுவரை என்பதே அன்றைய எல்லைத் தகராறு. கல் நடுவதற்குத் தொல்காப்பியம் சொல்கிற வரிசை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைப் பார்த்துத் தேர்வது, எடுத்து வருவது, நீராட்டுவது, நிறுத்துவது, படையல் போடுவது, பாடுவது. ஆறும் செயல், ஆறுக்கும் ஆள், இடம், நேரம் வேண்டும். சிங்கர் சொன்ன உறுப்புகளில் ஒன்றுகூட விடுபடவில்லை.

அந்தக் கல்லில் பல இன்று வேடியப்பன் என்கிற சாமி. ஆண்டுக்கொரு பொங்கல், கிடா வெட்டு. யாருடைய மாட்டுக்காக யாரோடு சண்டை போட்டுச் செத்தான் என்பது மறந்துவிட்டது. வருஷா வருஷம் செய்கிற காரியம் மறக்கவில்லை. தருமபுரியில் நடுகற்களுக்கென்று அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு, பிறகு வயலில் மஞ்சள் பூசி நிற்கிற கல்லையும் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே வகைக் கல். ஒன்றுக்கு நிகழ்வு நின்றுவிட்டது, மற்றதற்கு நடக்கிறது.

பாரதத் திருவிழாவில் இன்னும் இரண்டு கட்டங்கள் கூத்துக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள கோட்டையே தாண்டுகின்றன. அர்ச்சுனன் தபசு நாளில் வேடக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். மேலிருந்து எலுமிச்சை, விபூதி, பூ வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானை விரித்து நிற்பார்கள். அந்த எலுமிச்சை நாடகச் சாமான் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோகிற பிரசாதம். கடைசி நாள் படுகளத்தில் களிமண்ணால் மல்லாந்து படுத்த துரியோதனனைப் பிரம்மாண்டமாகச் செய்வார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். தொடையில் அடி விழும். அங்கே புதைத்திருக்கிற சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிந்ததும் சனம் அந்த மண்ணைப் பிய்த்து வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துப் போகும். பொழுது சாய்ந்தால் தீமிதி. எந்த நொடியில் நடிகர் நடிகராக இல்லாமல் போகிறார் என்று நிமிடக் கணக்கில் குறிப்பது நல்ல பயிற்சி. பெரும்பாலும் உடுக்கை அல்லது பம்பையின் தாளம் மாறுகிற இடத்தில் அது இருக்கும்.

அதே அம்மன், அந்தப் பக்கம்

இதே திரௌபதி எல்லை தாண்டினால் என்ன ஆகிறாள்? பெங்களூரு திகளர்பேட்டையில் தர்மராயர், அதாவது தருமர், கோயில் இருக்கிறது; அங்கே திரௌபதி கரகமாக வருகிறாள். ஆனேக்கல்லிலும் தர்மராயர் கோயில் உண்டு. திகளர் என்கிற தோட்டக்காரச் சமூகம் நடத்துகிற பெங்களூரு கரகம் சைத்ர மாதத்துப் பௌர்ணமி இரவில் புறப்படும். கரகம் எடுப்பவர் ஆண். ஆனால் புடவை, வளையல், தாலியோடு பெண் கோலம். மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் நிறுத்தியே நடக்க வேண்டும். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய் நின்றுவிட்டுத்தான் மேலே நகரும்.

இந்தப் பக்கம் அம்மனின் கதையை எட்டு மணி நேரம் பேசிப் பாடி ஆடுகிறோம். அந்தப் பக்கம் கதை சுருங்கி, அம்மன் ஒரு தலைமேல் ஏறி நகரத்தையே சுற்றுகிறாள். கதை தெரிந்தவர்கள் குறைவாகவும் பல மொழிக்காரர் நெருக்கமாகவும் வாழும் நகரத்தில் சொல்லைவிட நடை எல்லாருக்கும் விளங்கும். இது நம் ஊகம்தான், ஆனால் ஓசூர் வட்டாரத்தில் இரண்டு வழக்கமும் அருகருகே வருவதைப் பார்த்தால் வலுப்படுகிற ஊகம். இதில் எது அசல், எது நகல் என்று கேட்பது வீண். கர்நாடகக் கலை, தமிழ்நாட்டுக் கலை என்று பட்டியல் போட்டு இதை ஒரு பெட்டிக்குள் அடைத்தால், 1956-ல் போட்ட கோட்டை அதற்கு முந்தைய காலத்துக்கும் நீட்டுகிறோம் என்று பொருள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கரகம் இரண்டு வகை. சக்திக் கரகம் வழிபாட்டுக்கு; ஆற்றங்கரையிலோ ஏரியிலோ நீர் முகந்து சோடித்து ஊருக்குள் அழைத்து வருவது. ஆட்டக் கரகம் மேடைக்கு, திறமை காட்டுவது. முதலாவதைப் படமெடுத்துவிட்டு இரண்டாவதின் பெயரை எழுதினால் ஊர்க்காரர் கோபித்துக்கொள்வார், நியாயமான கோபம்.

காப்புக் கட்டும் வழக்கமும் எல்லை தாண்டுகிறது. திருப்பதி கங்கம்மா ஜாதரை தொடங்குவதற்குச் சாட்டிம்பு என்று பெயர், அறிவிப்பு. சாட்டிம்பு ஆனபிறகு ஊர்க்காரர் பொலிமேரை, அதாவது ஊரெல்லையை, விட்டுப் போய்த் தங்கக் கூடாது. கொங்குப் பக்கம் பூச்சாட்டு என்கிறோமே, அதே சாட்டுதல்தான். சொல்லும் விதியும் ஒன்று.

எருதும் சட்டமும்

தை, மாசியில் கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர் ஊர்களில் எருது விடும் விழா. ஆந்திர, கர்நாடக மாடுகளும் வரும். இருபுறமும் தடுப்புக் கட்டிய பாதையில் மாட்டை ஓடவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்ப்பது ஒரு வகை. கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி அனுப்பி, இளைஞர்கள் அதைப் பறிப்பது பழைய வகை. சித்தூர் மாவட்டத்துப் பசுவுல பண்டுகையிலும் கொம்பில் பலகை கட்டுகிறார்கள், பறிக்கிறார்கள்.

மாடு எல்லை தாண்டும், சட்டம் தாண்டாது. ஜல்லிக்கட்டை அனுமதிக்கத் தமிழ்நாடு 2017-ல் மிருகவதைத் தடைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் இங்கே செல்லும். அதை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் உறுதிசெய்தது. கர்நாடகத்துக்கு அதன் திருத்தம். ஆகவே அனுமதிக் கடிதம், மருத்துவச் சான்று, தடுப்பு எல்லாமே விழா நடக்கிற மாநிலத்தைப் பொறுத்தது. 2023 பிப்ரவரி 2-ல் ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் அனுமதி தாமதமாக, கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டது. மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. ஒரு நிகழ்வு தடைபட்டதும் இன்னொரு நிகழ்வு, அதாவது மறியல், அதே சனத்தைக் கொண்டு உடனே நடந்தது. பார்வையாளர் மட்டும் மாறினர்: ஊர்க்காரருக்குப் பதில் லாரி ஓட்டுநர்களும் செய்திக் கேமராக்களும்.

அரசும் ஆடும், கலைஞரும் ஆடுவர்

தூரத்து உதாரணம் இரண்டு, ஒப்பிடுவதற்காக. இந்திய–பாகிஸ்தான் எல்லையில் அட்டாரி–வாகாவில் 1959-லிருந்து மாலைக் கொடியிறக்கத்தை இரு நாட்டுக் காவலரும் எதிரெதிரே நிகழ்த்தி வந்திருக்கிறார்கள். காலை உயரத் தூக்கி, மீசையை முறுக்கி, கதவை அறைந்து. பகைதான் காட்சி, ஆனால் இரு பக்கமும் ஒரே நேரம் பார்த்து, ஒரே வேகத்தில் கயிறு இறக்கினால்தான் அது நடக்கும்.

மற்றது 2019 ஜூலையில் அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் நடந்தது. ரொனால்ட் ரேல், வர்ஜீனியா சான் ஃப்ராடெல்லோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இரும்பு வேலியின் இடுக்குகளில் இளஞ்சிவப்பு ஏற்றப்பலகை மூன்றைச் செருகினார்கள். வேலியே நடு அச்சு. இந்தப் பக்கக் குழந்தை இறங்கினால் அந்தப் பக்கக் குழந்தை ஏறும். முக்கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. வேலியை இடிக்கவில்லை, எதிர்த்துக் கோஷமும் இல்லை. அதை ஒரு விளையாட்டுச் சாமானின் பாகமாக மாற்றினார்கள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குத் திரும்பினால், கொடி பிடிக்கும் அமைப்புகள் ஏன் எப்போதும் அந்தச் சரியான இடத்தையே தேர்கின்றன என்பது விளங்கும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் அது வெறும் கூட்டம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

நிகழ்வன்று மட்டும் போவது போதாது. ஒரு வாரம் முன்னால் போய், ஆட்டக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தவர் யார், எந்த ஊர்க் குழு, ஏன் அந்தக் குழு என்று கேளுங்கள். குழு எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்தால், அரசு எல்லையோடு ஒட்டாத இன்னோர் எல்லை தெரியும். அதுதான் அந்தக் கலையின் நாடு.

ஊர்வலப் பாதையை நடந்து பாருங்கள். சாமி எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்த முனையில் திரும்பிவிடுகிறது என்று குறியுங்கள். கலைக்கு எல்லை இல்லை என்று எழுதுவது எளிது. மூன்று மாநிலத்தைத் தாண்டி வந்த கூத்தும் கரகமும் அதே ஊரின் ஒரு தெருவைத் தாண்டாமல் நின்றுவிடும் ஊர்கள் உண்டு. திருவிழாவுக்கு வரி வாங்கும் பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். சாதி எல்லையை விட்டுவிட்டு மாநில எல்லையை மட்டும் படித்தால் பாதிப் படிப்பு.

கூத்து இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: நேரம், யார் களத்தில், என்ன மொழி, சனம் எவ்வளவு. எட்டு மணி நேரத்துக்கு நாற்பத்தெட்டு வரி வரும். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் மிச்சமிருப்பவர்கள் யார் என்பது முக்கியம். கட்டியங்காரன் துணிந்து பேசுவது அப்போதுதான். பலர் பன்னிரண்டு மணிக்குப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அதனால் கூத்தில் அரசியல் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு எதுவும் கேட்காது. பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் வையுங்கள். சிரிப்பும் பேச்சும் சேர்ந்து பதிவாகும். அருள் வந்தவரைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறுவரை தடை. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம். விடிய விடிய ஆடுகிற கூத்து இந்த விதியோடு தினமும் மோதுகிறது. சில ஊர்களில் மைக்கை அணைத்துவிட்டு ஆட்டம் தொடரும். அப்போது குரல் எட்டுகிற தூரம்தான் களத்தின் எல்லை. சனம் எழுந்து நெருங்கி வந்து உட்காரும். அந்த நகர்வையும் நேரம் போட்டுக் குறியுங்கள்.

கடைசியாகக் காப்பு அவிழ்க்கும் நேரம். பலரும் தீமிதியோடு நோட்டை மூடிவிடுகிறார்கள். கயிறு அவிழ்ந்த பிறகு ஊரைவிட்டுப் போகிற முதல் பேருந்தில் யார் யார் ஏறுகிறார்கள், எந்த ஊருக்குச் சீட்டு வாங்குகிறார்கள் என்று நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று எழுதிக்கொள்ளுங்கள். ஓசூர், அத்திப்பள்ளி, குப்பம், பெங்களூரு என்று வரும் அந்தப் பட்டியலை, குழு போகிற ஊர்களுக்கு வைத்த புள்ளிகளின் மேல் வைத்துப் பாருங்கள்.